ஊட்டி மலை ரயிலுக்கு ஐந்து மணி நேரம் கொடுக்கலாமா?

சென்னையிலிருந்து மே மாதம் ஊட்டிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். "மலை ரயிலில் ஏறாவிட்டால் ஊட்டி போனதே வீண்" என்கிறாராம் அலுவலக நண்பர். "ஐந்து மணி நேரம் முட்டி இடிக்க உட்கார்ந்து போனேன், பார்த்ததெல்லாம் மரம்தான்" என்கிறாராம் மச்சினர். யார் பேச்சைக் கேட்பது?

மேட்டுப்பாளையத்துக்காரன் என்பதால் சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வி எப்படியும் என்னிடம் வந்துவிடும். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நண்பர் ரயிலைப் பார்க்கப் போயிருக்கிறார், மச்சினர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் போயிருக்கிறார். என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கைக் காட்சிக்காக என்றால் அந்த ஐந்து மணி நேரம் தேவையில்லை. அந்த ரயில் எப்படி மலை ஏறுகிறது என்று பார்ப்பதற்காக என்றால் கட்டாயம் போங்கள். அதற்கும் ஊட்டி வரை போக வேண்டியதில்லை, குன்னூர் வரை போதும். இனி விவரம்.

முதலில் காட்சிக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ரயில் ஏறுகிற அதே மலைச்சரிவில்தான் பர்லியார் வழியாகக் குன்னூர் போகும் சாலையும் ஏறுகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள், அதே காடு, அதே பள்ளத்தாக்கு. காரில் போனால் பிடித்த இடத்தில் ஓரங்கட்டலாம், பர்லியார் பழக்கடைகளில் நிற்கலாம், பிள்ளைக்கு வாந்தி வந்தால் இறக்கி விடலாம். ரயிலில் அதெல்லாம் முடியாது. அழகான பாறைச் சரிவு ஒன்று வரும், போனை எடுத்து கேமராவைத் திறப்பதற்குள் குகை வந்துவிடும். வழியில் 16 குகைகள், சின்னதும் பெரிதுமாக 250 பாலங்கள். ஜன்னலோரம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் பார்ப்பது எதிரில் இருப்பவரின் தோளைத்தான். விளம்பரப் படங்களில் வருகிற தேயிலைத் தோட்டங்களை எதிர்பார்த்து ஏறினால் குன்னூர் நெருங்கும் வரை ஏமாற்றம்தான். அதுவரை காடும் பாறையும் ஓடையும் மட்டுமே. அந்தக் காடு எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அது தனி ருசி. மச்சினருக்கு அது மரமாக மட்டும் தெரிந்ததில் குற்றம் ஒன்றும் இல்லை.

யுனெஸ்கோ 2005-இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பலரும் அதை "உலக அழகு" என்று கொடுத்த சான்றிதழ் என நினைத்துக்கொள்கிறார்கள். இயற்கை எழிலுக்கான பட்டியலில் இது இல்லை. 1999-இல் டார்ஜிலிங் ரயில் சேர்க்கப்பட்ட அதே பண்பாட்டுப் பட்டியலில் அதோடு சேர்த்துத்தான் நீலகிரியையும் எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர்ந்தது. செங்குத்தான மலையில் ரயில் விட அந்தக் காலத்தில் மனிதர்கள் கண்டுபிடித்த வழிக்குக் கிடைத்த மரியாதை அது. அதனால் பார்க்க வேண்டியதும் அந்த வழியைத்தான்.

கதை கொஞ்சம் நீளம். சுவிட்சர்லாந்தில் மலை ரயில் போட்டுப் பெயர் எடுத்த ரிக்கன்பாக் என்ற பொறியாளரை 1882-இலேயே நீலகிரிக்கு வரவழைத்து யோசனை கேட்டார்கள். பணம் புரளவில்லை, கம்பெனி மாறியது, ஒருவழியாக 1891-இல் வேலை தொடங்கி 1899-இல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது. ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆகிவிட்டது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். இடையில் இருப்பது வெறும் 46 கிலோமீட்டர் பாதை. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை மலையடிவாரத்துக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள இருபது கிலோமீட்டருக்குள்ளேயே ஏறி முடித்துவிடுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயிருக்கும். காருக்கு இது பெரிய விஷயம் இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும் வண்டிக்கோ, இது ஏறக்குறைய நடக்காத காரியம். வழுக்கிவிடும்.

டார்ஜிலிங்கில் வளையம் சுற்றியும், முன்னே போய்ப் பின்னே வந்தும் ஏற்றத்தைச் சமாளித்தார்கள். சிம்லா பாதை வளைந்து வளைந்து மெல்ல ஏறுகிறது. நீலகிரியில் அதற்கு இடம் இல்லை. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில், பல் வெட்டிய இரும்புப் பட்டைகளை இரண்டு வரிசையாகப் பதித்தார்கள். ஒரு வரிசையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த வரிசையில் பள்ளம் வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் இதைக் கவ்விக்கொண்டே ஏறும். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்த முறை, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இந்தியாவில் இப்படிப் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான்.

இதை வண்டிக்குள் இருந்தே உணரலாம். மேட்டுப்பாளையத்தை விட்டதும் பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே எட்டு கிலோமீட்டர் போல சமதளத்தில் ஓடும். இந்த இடத்தில் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் வண்டி நடை வேகத்துக்குக் குறையும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். சுழலும் பல்சக்கரம் பட்டையின் பல்லில் சரியாகப் போய்ப் பொருந்துவதற்காக ஓட்டுநர் அடக்கிப் பிடிக்கிறார். காலுக்கு அடியில் ஒரு "கடக்" கேட்கும், லேசாக ஓர் உதறல், அப்புறம் எஞ்சின் சத்தமே மாறிவிடும். அதுவரை ஒரு தாளத்தில் மூச்சு விட்ட எஞ்சின் இப்போது இரண்டு தாளத்தில் விடும். காரணம், இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து வழக்கமான சக்கரங்களைச் சுற்றும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்த நீராவியை வெளியே விட்டு வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். இரண்டு ஜோடி சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாமல் விட்டு விட்டுச் சேரும்போது வருகிற அந்தச் சத்தத்துக்காகவே இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறார்கள்.

இன்னொன்று, எஞ்சின் முன்னால் இருக்காது. பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போகும். பெட்டிகளின் இணைப்பு அறுந்தாலும் அவை மலையிலிருந்து உருண்டு ஓடிவிடாமல் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தாங்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்படியானால் ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெட்டியின் முன்மாடத்திலும் ஒரு பிரேக்மேன் நிற்பார், கையில் கொடியோடு. முதல் பெட்டிக்காரர் வழி பார்த்துப் பச்சைக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்ட, அப்படியே கடைசி வரை போய் எஞ்சினுக்குச் சேரும். வளைவில் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாக இந்தக் கொடிகள் வரிசையாகத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். மொத்தப் பயணமும் அவனுக்குப் பிடித்துப்போகும். ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போனால் கல்லாறு தாண்டி அரை மணி நேரத்தில் "எப்பப்பா ஊட்டி வரும்" தொடங்கிவிடும். பல்சக்கரப் பாதையில் உச்ச வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

நடுவில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். எல்லாரும் இறங்குவார்கள். டீ, வடை, கழிப்பறை, குரங்கு என்று நான்கும் அங்கே உண்டு. குரங்குகளுக்கு ரயில் நேரம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் நிரம்பும் நேரத்தில் எஞ்சின் பக்கம் போய் நில்லுங்கள். அது விடும் சூட்டை முகத்தில் வாங்கும்போதுதான் இத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு வந்தது எது என்று புரியும். இப்போது பெரும்பாலும் எண்ணெயில் எரிகிற எஞ்சின்கள்தான், பழைய நிலக்கரித் தூள் தொல்லை குறைவு. என்றாலும் வெள்ளைச் சட்டை வேண்டாம். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை. அவை தேயத் தேய நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்துகொடுத்தார்கள். நீராவி எஞ்சின் செய்வதை உலகம் ஏறக்குறைய நிறுத்திப் பல காலம் ஆன பிறகு பொன்மலைக்காரர்கள் செய்த வேலை அது. ஏனோ அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பத்தரை மணிவாக்கில் குன்னூர். இங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். குன்னூர் தாண்டினால் ஏற்றம் குறைவு, பல்பட்டையும் கிடையாது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போய் ஊட்டி. அழகில்லை என்று சொல்லமாட்டேன். கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் கேரட், உருளைத் தோட்டங்கள் உண்மையிலேயே கண்ணுக்கு விருந்து. மச்சினர் தேடிப் போன காட்சி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ரயிலாகப் பார்த்தால் இது சாதாரண டீசல் வண்டி. மூன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து இடுப்பு கடுத்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் "போதும்டா சாமி" என்று தோன்றவைக்கிறது. அதனால்தான் குன்னூரிலேயே இறங்கச் சொல்கிறேன்.

சரி, யார் ஏறக் கூடாது? இதைத்தான் பயண வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஹில்குரோவ் வரும் வரை காத்திருப்பது பெரும்பாடு. வழியில் மாடோ யானையோ நின்று வண்டி தாமதமானால் இன்னும் சிரமம். கல்லாறு பக்கம் யானை வழித்தடம், அதனால் இது கற்பனை இல்லை. இருக்கைகள் எதிரெதிர் பெஞ்சுகள். முட்டி வலி உள்ளவர்கள் காலை நீட்ட முடியாது, எழுந்து நடக்க இடமும் இல்லை. முதல் வகுப்பில் நெருக்கடி குறைவு. மேலே ஏறும்போது முதல் வகுப்பு முன்பக்கம் இருப்பதால் பாதையே கண்ணுக்கு நேரே தெரியும். வயதானவர்களைக் கூட்டிப் போவதானால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. அது கிடைத்தாலும் கழிப்பறைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். அப்பா அம்மாவிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். "உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிப்பா" என்று அவர்கள் சொல்வதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட் விஷயம். முழுப் பாதைக்கும் வழக்கமான ரயில் தினமும் போக ஒன்று, வர ஒன்று. காலை ஏழு மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்பும், மதியம் இரண்டு மணிவாக்கில் ஊட்டியிலிருந்து திரும்பும். சில சின்னப் பெட்டிகள்தான். 60 நாள் முன்பு முன்பதிவு திறந்ததும் மே மாதத்து இடங்கள் பறந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் மற்ற ரயில்களைப் போல நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், இடம் அவ்வளவு எளிதில் உறுதியாகாது. கோடைக்காலத்தில் சிறப்பு ரயில் விடுவார்கள், கட்டணம் பல மடங்கு. வழக்கமான ரயிலில் இரண்டாம் வகுப்பு சில நூறு ரூபாய்தான். அந்த விலைக்கு அந்த அனுபவம் மலிவு. சிறப்பு ரயில் விலைக்கு, நான்கு பேர் குடும்பமாகப் போவதானால், எஞ்சின் மேல் ஆசை இருப்பவர் வீட்டில் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு எடுங்கள்.

மேலே ஏற இடம் கிடைக்காதவர்கள் இறங்கும் ரயிலைத் தேடலாம், நெருக்கடி சற்றுக் குறைவு. மூன்றரை மணி நேரத்தில் கீழே வந்துவிடும். ஆனால் இறங்கும்போது எஞ்சினுக்கு அடக்கிப் பிடிக்கும் வேலைதான், அந்த மூச்சிரைப்பு கேட்காது. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பள்ளத்தாக்கும் தெரியாது. ஐந்தரைக்கு மேட்டுப்பாளையம் வந்தால் ராத்திரி சென்னை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வசதி என்பது மட்டும் லாபம்.

எதுவுமே கிடைக்கவில்லையா? குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே தனியாகச் சில ரயில்கள் ஓடுகின்றன. அதில் ஒரு மணி நேரம் போனால் பிள்ளைகளுக்கு மலை ரயிலில் போன திருப்தி கிடைத்துவிடும். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. பத்தே காலுக்குக் குன்னூர் நிலையத்துக்குப் போய் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். மேலே ஏறி வரும் ரயில் வளைவில் திரும்பி உள்ளே நுழைவதும், எஞ்சின் கழன்று பணிமனைப் பக்கம் போவதும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.  பிளாட்பாரத்தில் நின்றபடி பாருங்கள், தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கும் வேலை வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தும் பதில் மாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் குன்னூர்ச் சரிவில் பலமாகக் கொட்டும். பாறையும் மரமும் பாதையில் விழுந்து நாள் கணக்கில், சில வருடம் வாரக் கணக்கில் ரயில் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ரயிலை நம்பி மட்டும் பயணம் போடாதீர்கள். அந்த மழை முடிந்த ஜனவரி, பிப்ரவரிதான் அருமையான நேரம். ஓடைகளில் தண்ணீர் இருக்கும், வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. மே மாதத்தில் கல்லாறு வரை வியர்த்து ஊற்றும், ஓடைகள் பல வற்றியிருக்கும். பள்ளி விடுமுறைக்கு நாம் என்ன செய்ய முடியும்.

மே மாதத்தில் ரயிலுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ரயிலிலோ அரசுப் பேருந்திலோ வந்தால் அந்த வேலை இல்லை. சீசன் நேரத்தில் சாலையை ஒருவழியாக்கிவிடுவார்கள், பர்லியார் வழியே ஏற்றம், கோத்தகிரி வழியே இறக்கம். அந்த நெரிசலில் கார் ஊர்ந்து போகும் நாட்களில் ரயில் தாமதம் என்று புலம்ப முடியாது.

இனி உங்கள் குடும்பத்துக்கு. ஆறு பேரும் சேர்ந்து ஊட்டி வரை ரயிலில் போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம், மலை ரயிலின் நேரம் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். நீங்களோ உங்கள் துணைவரோ ஒருவர் பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலில் ஏறுங்கள். முன்பதிவில் குன்னூர் வரை போடுங்கள். மற்றவர் அப்பா அம்மாவையும் சின்னதையும் வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு, நிலையத்துக்கு வெளியே சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் ரயிலுக்கு முன்னால் குன்னூர் போய்விடலாம். வாடகைக் காரை முந்தைய நாளே பேசி வையுங்கள், மே மாதக் காலையில் நிலையத்து வாசலில் கேட்கிற விலைதான் விலை. ரயில் குன்னூருக்குள் நுழைவதை அவர்களும் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கட்டும். அங்கிருந்து எல்லாருமாகக் காரில் ஊட்டி. சின்னது ரயில் கேட்டு அழுதால், திரும்பும் நாளுக்கு முந்தைய நாள் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ஒரு மணி நேர ரயில் இருக்கவே இருக்கிறது. அதில் அப்பா அம்மாவும் தாராளமாக வரலாம். ஏறும் முன் நிலையத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள்.